தேய்மானக் கணக்கு

பாங்க் வேலையில இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். கிளையில இருக்கற பழைய மேஜை, இரும்பு பீரோ, ஓடாத ஏசி எல்லாத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சுக்கிட்டே வருவோம். முழுசா கழிஞ்சு போனப்புறமும் பொருள் அங்கேயே உட்கார்ந்திருந்தா, ஏட்டுல ஒரு ரூபாய்னு போட்டு வைப்போம். மதிப்பு போயாச்சு, ஆனா ஆள் இன்னும் இருக்கார்னு அர்த்தம்.

எங்க வீட்ல அந்த ஒரு ரூபாய்ச் சொத்து, அப்பாவோட புல்லட்.

1986 மாடல், 350 சிசி. திருவொற்றியூர்ல செஞ்சது. கறுப்பு டாங்க், அதுல கையால இழுத்த தங்கக் கோடு. அப்பாவுக்கு மின்வாரியத்துல வேலை. வாலாஜாபேட்டையிலேருந்து கிளம்பி ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர்னு மழையிலயும் வெயில்லயும் அந்த வண்டியிலதான் சுத்தினார். 2017-ல அப்பா போயிட்டார். அதுக்கப்புறம் வண்டி பின்கட்டுல சாக்கைப் போர்த்திக்கிட்டு நின்னுச்சு. நான் அப்போ நாக்பூர், அப்புறம் ராய்ப்பூர், 2023-லேருந்து ஒடிசாவுல ஜாஜ்பூர் ரோடு. லீவுக்குப் போறப்பல்லாம் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் காவி ஏறியிருக்கும். மூடிட்டு வந்துடுவேன்.

2024 மே மாசம் போயிருந்தப்ப அம்மா பட்டுனு சொல்லிட்டாங்க. "ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ, இல்லைன்னா எடைக்குப் போட்டுடு. காலையில துளசி மாடத்துக்குத் தண்ணி ஊத்தப் போனா முதல்ல அதான் கண்ணுல படுது."

எடைக்குப் போடற பேச்சே இல்ல. பெட்ரோலை வடிச்சு, வைக்கோலும் கோணியும் சுத்தி, சென்னை சென்ட்ரல்ல பார்சலாப் போட்டு, புவனேஸ்வர்ல இறக்கி, அங்கேருந்து ஒரு குட்டி லாரியில ஜாஜ்பூர் ரோடு. குவார்ட்டர்ஸ் வாசல்ல அதை இறக்கினப்ப எதிர் வீட்டுப் பையன் கேட்டான், "அங்கிள், இது இன்னுமா ஓடும்?" தங்கமணி அதைக்கூட கேக்கல. ஒரு பார்வை மட்டும்தான் :-)

எஞ்சினை ஒரு மெக்கானிக் பார்த்துக்கிட்டார். நான் சொல்ல வந்தது எஞ்சினைப் பத்தி இல்ல. வண்டியோட உலோகத்தையெல்லாம் மறுபடி மின்ன வைக்கறதைப் பத்தி. அதுல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தியும், அந்தத் தப்புக்கு அப்புறம் எனக்கு வந்த ஒரு கருத்தைப் பத்தியும். கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: பழைய வண்டியைப் புதுசு மாதிரி ஆக்காதீங்க. துருவை எடுங்க, தழும்பை விடுங்க.

முதல்ல தப்பு

கட்டாக்ல ஒரு பிளேட்டிங் பட்டறை இருக்குன்னு சொன்னாங்க. ஹேண்டில்பார், ஹெட்லைட் வளையம், லெக் கார்டு, கிக்கர் நாலையும் கழட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன வேணும்னு அவர் கேட்டார். "பாய்னா, எல்லாம் ஷோரூம்லேருந்து வந்த மாதிரி இருக்கணும்"னு என் அரைகுறை ஒடியாவுல சொன்னேன். இரண்டு வாரம் கழிச்சு 5,800 ரூபாய் கொடுத்து வாங்கிட்டு வந்தேன். அவர் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நான் கேட்டதை அப்படியே செஞ்சு கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. என் மூக்கு தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி வீடியோ கால்ல அம்மாவுக்குக் காட்டினேன். ஹேண்டில்பாரைப் பார்த்து சந்தோஷப்பட்டாங்க. அப்புறம், "கிக்கரைக் காட்டு"ன்னாங்க. காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல.

"அந்தக் கட்டி எங்கடா?"

1988-ல தங்கச்சி பிறந்த ராத்திரி. எனக்கு ஏழு வயசு, திண்ணையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மாவுக்கு வலி வந்துடுச்சு, அப்பா உதைக்கறார், உதைக்கறார், வண்டி கிளம்பல. பதட்டத்துல உதைச்ச உதையில கிக்கரே முறிஞ்சு போச்சு. வண்டியைத் தள்ளிக்கிட்டே ஓடி, கியர்ல போட்டு கிளட்சை விட்டு ஸ்டார்ட் பண்ணி, அம்மாவை ஏத்திக்கிட்டுப் போனார். ஒரு வாரம் கழிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேத் பட்டறையில அந்தக் கிக்கரைப் பத்தவச்சுக் கொடுத்தாங்க. முறிஞ்ச இடத்துல சுண்டைக்காய் மாதிரி ஒரு வெல்டிங் கட்டி. புது கிக்கர் வாங்க முடியாமயா இருந்தார் அப்பா? வாங்கல. அம்மாவை ஓட்டறதுக்கு அது தேவைப்பட்டுச்சு. "உன் பொண்ணு உடைச்சது"ன்னு முப்பது வருஷம் சொல்லிக்கிட்டிருந்தார்.

முலாம் பூசறதுக்கு முன்னாடி மேடு பள்ளமெல்லாம் கல்லுல வச்சுத் தேய்ச்சுச் சமமாக்கிடுவாங்க. அதுதான் அந்த வேலையோட முறை. அந்தக் கட்டி கட்டாக்ல தூளாகப் போயிடுச்சு. இப்போ கிக்கர் வழவழன்னு இருக்கு. யார் வீட்டுக் கிக்கர் வேணும்னாலும் அது இருக்கலாம்.

அம்மா ஒண்ணும் திட்டல. "சரி விடு, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அதுதான் ரொம்ப உறைச்சுது.

மூணு உலோகம், மூணு வைத்தியம்

மீதியைப் பட்டறைக்குக் கொடுக்கலை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நானே உட்கார்ந்தேன். சுமார் நாலு மாசம். மொத்தச் செலவு 900 ரூபாய்க்குள்ள. இதுல கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன், யாருக்காவது பிரயோஜனப்படும்.

வண்டியில வெள்ளையா மின்னறதெல்லாம் ஒரே உலோகம்னு நினைக்கறதுதான் முதல் தப்பு. ஹேண்டில்பார், சைலன்சர், சக்கரத்து ரிம் இதெல்லாம் இரும்பு மேல குரோம் பூசினது. எஞ்சினோட பக்கவாட்டு மூடிகளெல்லாம் அலுமினியம். நட்டு போல்ட்டு, சின்னச் சின்ன லீவரெல்லாம் இரும்பு. மேல பூசின மெல்லிசு முலாம் பாதி போயிருக்கும். ஒண்ணுக்கு மருந்து இன்னொண்ணுக்கு விஷம்.

குரோமை எடுத்துக்குங்க. கண்ணாடி மாதிரி மின்னுதே தவிர, குரோம் படலம் ரொம்ப மெல்லிசு. அடியில நிக்கல் ஒரு பூச்சு, அதுதான் கொஞ்சம் கனம். அதுக்கு மேல இருக்கற குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். ஈரம் அது வழியா உள்ள போய் இரும்பைப் பிடிக்கும். நாம பார்க்கற காவிப் புள்ளி குரோமோட துரு இல்ல, கீழே இருக்கற இரும்போட துரு. குரோம் துருப்பிடிக்காது.

அதனால பாத்திரம் தேய்க்கற கம்பி நாரைக் கையில எடுக்காதீங்க. விளக்கு துலக்கற சபீனா, சாம்பல், செங்கல் பொடி எதுவும் வேண்டாம். அந்த மெல்லிசுப் படலத்துல கீறல் விழுந்தா அது வழியா அடுத்த துரு வரும். கழிப்பறை கழுவற ஆசிட்டைச் சிலர் சிபாரிசு பண்ணுவாங்க, துரு உடனே போயிடும்னு. துரு போகும், குரோமும் போகும். பட்டறையில பழைய குரோமை உரிக்கறதுக்கே அந்த ஜாதி ஆசிட்தான்.

எனக்குக் கைகொடுத்தது சப்பாத்தி சுத்தற அலுமினியத் தாள். தங்கமணியோட சமையலறையிலேருந்து ஒரு சுருள் சுட்டேன். உள்ளங்கை அளவு கிழிச்சு, கசக்கி உருட்டி, தண்ணியில நனைச்சு, துருப் புள்ளி மேல லேசாத் தேய்க்கணும். அலுமினியம் குரோமைவிட ரொம்ப மெத்து, அதனால கீறாது. ஆனா துருவைப் பிடிச்சு இழுத்துடும். கொஞ்ச நேரத்துல காப்பிக் கஷாயம் மாதிரி பழுப்பா ஒரு கசடு வரும். துடைச்சுட்டுப் பார்த்தா அடியில வெள்ளி. முதல் தடவை பார்க்கறப்ப நம்ப முடியல, பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயிண்ட் பக்கம் மட்டும் தாளைக் கொண்டுபோகாதீங்க, கோடு விழும்.

தேய்ச்சதோட வேலை முடியல. தண்ணியில கழுவி, ஈரம் துளிகூட இல்லாமத் துடைச்சு, காருக்குப் போடற மெழுகு ஒரு கை போட்டுடணும். ஓட்டையை அடைக்கறது அதுதான். மெழுகில்லாம விட்டா, இங்க அடிக்கற மழைக்கு ஒரே மாசத்துல பழையபடி காவி. சைலன்சருக்கு மெழுகு நிக்காது, சூட்டுல எரிஞ்சுடும். எஞ்சின்லேருந்து வளைஞ்சு வர்ற குழாய்ல நீலமும் மஞ்சளுமா ஒரு நிறம் ஏறியிருக்கே, அது துரு இல்ல, சூட்டுல வந்த நிறம். தேய்ச்சா போகும், ஓட்டினா வரும். அதோட சண்டை போடறதை நான் விட்டுட்டேன்.

அடுத்தது அலுமினியம். இதுல காவி வராது. மங்கி, சாம்பல் பூத்து, இடுக்குல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கும். முதல்ல டீசலும் பிரஷும் வச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும். அப்புறம் வாட்டர் பேப்பர், தண்ணியில நனைச்சு. 400-ம் நம்பர்ல ஆரம்பிச்சு 600, 800, 1200, 2000-ன்னு போகணும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கற திசையை மாத்தணும். முந்தின பேப்பரோட கோடு முழுசா மறைஞ்சாத்தான் அடுத்ததுக்குப் போகலாம். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினா கடைசியில பாலிஷ் போட்டப்புறம் அந்தக் கோடு பல்லைக் காட்டும். முன்னாடி வழியே போய் மறுபடி 600-ல ஆரம்பிக்கணும். (இடது பக்க மூடியை நான் மூணு தரம் ஆரம்பிச்சேன்.) கடைசியா உலோக பாலிஷ் ஒரு சொட்டு, பழைய பனியன் துணி. துணி கறுத்துக்கிட்டே இருக்கும். அழுக்கு இன்னும் போகலைன்னு நினைச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, அலுமினியமே கரைஞ்சு வர்றது. மினுங்கினா நிறுத்திடணும்.

காஸ்டிக் சோடா, வாஷிங் சோடா இரண்டும் அலுமினியத்துக்கு ஆகாது, தின்னுடும். அம்மா குத்துவிளக்குக்குப் போடற புளியும் இதுக்கு வேண்டாம். பித்தளைக்குப் பொருந்தறது அலுமினியத்தை மங்கவைக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸ்லதான் குத்தியிருக்கும். உற்சாகத்துல அதையும் சேர்த்துத் தேய்ச்சுடாதீங்க, பஃபிங் மெஷினை அது கிட்டயே விடாதீங்க. நம்மள மாதிரி மாநிலம் மாநிலமா மாத்தலாகறவங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்ல. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வச்சிருந்தா அந்த ஊர்ப் பதிவு நம்பர் வாங்கணும்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 47-ஆம் பிரிவு சொல்லுது. அப்போ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஞ்சின் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சுப் பிரதி எடுப்பாங்க. நம்பர் மழுங்கியிருந்தா அது யார் வண்டின்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. பளபளப்புக்காக வண்டியோட பேரையே அழிச்சுட்டு நிக்க வேண்டியிருக்கும்.

மூணாவது, சாதா இரும்பு. நட்டு, போல்ட்டு, லீவர். டீசல்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ல தேய்ச்சு, துடைச்சு, எண்ணெய் தடவி மாட்டினா போதும். இது கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்ல. இரும்பு இரும்பு மாதிரி இருந்தா அழகுதான். பிரேக் டிரம்முக்குள்ள மட்டும் பாலிஷ், மெழுகு, எண்ணெய் எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது.

பளபளப்புக்கு யார் காசு கொடுக்கறது?

பட்டறைக்கு முதல் நாள் போனப்ப உள்ள எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சும் சிவப்புமா ஒரு தொட்டி, மேல லேசா ஆவி. இருபது வயசுப் பையன் ஒருத்தன் கொக்கியில பொருளைத் தொங்கவிட்டு முக்கி எடுக்கறான். ஒரு கையில கிழிஞ்ச ரப்பர் உறை, இன்னொரு கையில அதுவும் இல்ல. இரண்டு நிமிஷம் நின்னதுக்கே எனக்குத் தொண்டை கரகரன்னுச்சு.

அந்தத் தொட்டியில இருக்கறது ஆறிணைத் திறன் குரோமியம். வண்டி மேல படிஞ்சு உலோகமா இருக்கற குரோமால நமக்கு ஒண்ணும் ஆகாது. தொட்டியில கரைஞ்சு இருக்கறப்ப, ஆவியா மூக்குல ஏறறப்பதான் ஆபத்து. அது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-லயே உறுதியா வகைப்படுத்திடுச்சு. மூணிணைத் திறன் குரோமியத்தை வச்சுப் பூசற, ஆபத்து குறைஞ்ச முறையும் இருக்கு. சின்னப் பட்டறைகள் அதுக்கு மாற முதலீடு வேணும்.

எனக்கு இது புஸ்தகத்துச் செய்தி இல்ல. நான் பொறந்து வளர்ந்தது ராணிப்பேட்டைப் பக்கம். அங்க சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு தொழிற்சாலை இருந்துச்சு. 1990-களோட நடுவுல மூடிட்டாங்க. குரோமியம் கலந்த கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல அங்கேயே மலையா நின்னுச்சு. மழை பெஞ்சா அதுலேருந்து மஞ்சளாத் தண்ணி கசியும். 2006-ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமெரிக்க அமைப்பு, உலகத்துலயே ரொம்ப மாசுபட்ட பத்து இடங்கள்னு ஒரு பட்டியல் போட்டாங்க. அதுல எங்க ராணிப்பேட்டை இருந்துச்சு.

அடுத்த வருஷம், 2007-ல போட்ட பட்டியல்ல சுகிந்தா. இது எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? நான் இப்போ வேலை பார்க்கற இதே ஜாஜ்பூர் மாவட்டத்துல. இந்தியாவுல இருக்கற குரோமைட் தாதுல பெரும் பகுதி ஒடிசாவுலதான், அதுலயும் பெரும்பங்கு சுகிந்தா பள்ளத்தாக்குல. அதுல பெரும்பாலும் போறது எவர்சில்வருக்கு, வண்டி முலாமுக்குப் போறது கொஞ்சம்தான். ஆனாலும் பாருங்க, குரோமியம் மண்ணுலேருந்து வெளிய வர்ற ஊர்ல இப்போ இருக்கேன். அதோட கழிவு மலையா நின்ன ஊர்ல பொறந்திருக்கேன். நடுவுல நின்னுக்கிட்டு, "எல்லாம் ஷோரூம் மாதிரி இருக்கணும் பாய்னா"ன்னு சொல்லியிருக்கேன்.

இதனால யாரும் முலாமே பூசக்கூடாதுன்னு சொல்லல. பட்டறைக்காரருக்கும் பிழைப்பு இருக்கு. படலம் உரிஞ்சு செதில் செதிலா நிக்கற குரோமை எந்த அலுமினியத் தாளும் காப்பாத்தாது, கையைக் கிழிக்கும். அரிச்சுப்போன ரிம்மை முலாம்கூட காப்பாத்தாது, புதுசு வாங்கணும். அது அழகு விஷயம் இல்ல, உயிர் விஷயம். என் வண்டியில பின்சக்கர ரிம்மை மாத்திட்டேன், அதுல ஒரு சென்டிமென்டும் பார்க்கல. நான் சொல்றது இவ்வளவுதான்: தேய்ச்சா வர்ற பளபளப்புக்காக ஒரு பையனோட கையைத் தொட்டிக்குள்ள முக்க வைக்க வேண்டாம். முதல்ல ஒரு முழ அலுமினியத் தாளைச் செலவு பண்ணிப் பாருங்க. அதுல வரலைன்னா அப்புறம் பட்டறை.

கஞ்ச பாங்க்காரன், 5,800 ரூபாய் போன வயித்தெரிச்சல்ல பேசறான்னு எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொன்னார். அதுவும் கொஞ்சம் உண்மைதான் :-)

நியூட்ரல் லீவர்

பழைய புல்லட் ஓட்டினவங்களுக்குத் தெரியும். கியர் வலது பக்கம், பின் பிரேக் இடது பக்கம். கியர் லீவரோட கூடவே குதிகாலுக்கு ஒரு குட்டி லீவர் இருக்கும். இரண்டு, மூணு, நாலு எந்த கியர்ல இருந்தாலும் அதை ஒரு அழுத்து அழுத்தினா நேரா நியூட்ரல். வீட்டு வாசல் வர்றப்ப அப்பா அதை மிதிப்பார். டக்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டா நாங்க டிவியை அணைச்சுட்டுப் புஸ்தகத்தை எடுப்போம்.

அந்த லீவரோட நுனியில முலாம் எப்பவோ போயிடுச்சு. முப்பது வருஷம் அப்பாவோட தோல் செருப்பு தேய்ச்ச தேய்ப்புல, முனை மழுங்கி, ஒரு பக்கமா லேசாச் சரிஞ்சு, வெறும் இரும்பு. ஆனா அப்பா இருந்தவரைக்கும் வண்டியிலயே ரொம்பப் பளபளன்னு இருந்த இடம் அதுதான். யாரும் பாலிஷ் போடல, மெழுகு தடவல. தினமும் மிதிச்சார், அதனால மின்னுச்சு. அப்பா போனப்புறம் துருப்பிடிச்ச முதல் இடமும் அதுவாத்தான் இருந்திருக்கும்.

நல்லவேளை, கட்டாக்குக்குக் கொடுத்த மூட்டையில அது இல்ல. அந்த லீவரைக் கழட்டவே இல்ல. டீசல் துணியைச் சுத்தி ராத்திரி முழுக்க விட்டு, காலையில வெறும் துணியால தேய்ச்சேன். வாட்டர் பேப்பர்கூடப் போடல. காவி போனதும் நிறுத்திட்டேன். சரிவு அப்படியே இருக்கு.

பி.காம். முதல் வருஷத்துல தேய்மானம் கணக்கிட இரண்டு முறை சொல்லிக் கொடுத்தாங்க. நேர்கோட்டு முறையில வருஷா வருஷம் ஒரே தொகை கழியும், ஒரு நாள் கணக்கு முடிஞ்சுடும். குறைந்துசெல் மதிப்பு முறையில மிச்சம் இருக்கறதுலேருந்துதான் கழிப்பாங்க. எத்தனை வருஷம் போனாலும் கொஞ்சம் மிச்சம் நின்னுக்கிட்டே இருக்கும், பூஜ்ஜியமே வராது. அப்போ அது பரீட்சைக்கு ஒரு கணக்கு. தேய்மானம்னா நஷ்டம்னுதான் இத்தனை வருஷமும் ஏட்டுல எழுதிக்கிட்டிருக்கேன். கிக்கர்ல கல்லு தேய்ச்சது நஷ்டம்தான், ஒத்துக்கறேன். லீவர்ல அப்பா தேய்ச்சதை எந்தப் பத்தியில எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

வெளியூர்ல இருக்கற நம்ம எல்லாருக்கும் ஊர்ல இப்படி ஒண்ணு சாக்கு போர்த்தி நிக்குது. வண்டியோ, தையல் மிஷினோ, பூட்டின வீடோ. லீவுல போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்துட்டு, "ஒருநாள் செலவு பண்ணிப் புதுசாக்கிடலாம்"னு மூடிட்டு வர்றோம். அந்த ஒருநாள் வர்றதுக்குள்ள துரு வந்துடுது. புதுசாக்க வேண்டாங்க. எடுத்துப் புழங்குங்க, போதும். உங்களால முடியாட்டி, புழங்கற யாருக்காவது கொடுத்துடுங்க. தங்கச்சி பையனோ, தெருவுல இருக்கற தெரிஞ்சவரோ. நிறுத்தி வச்ச உலோகத்துக்கு எந்த பாலிஷும் ரொம்ப நாள் தாங்காது.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஒரு முக்கால் மணி நேரம் வண்டி எடுக்கறேன். முதல் ரெண்டு மாசம் வலது காலை பிரேக்னு நினைச்சு கியரை மிதிச்சு, எதிர் வீட்டுப் பையன் முன்னாடி மானம் போச்சு. இப்போ பழகிடுச்சு. திரும்பி வந்து வாசல்ல அந்தக் குட்டி லீவரை மிதிப்பேன். டக். உள்ள என் பையன் டிவியை அணைக்கறதில்ல, அந்தக் காலமெல்லாம் போச்சு.

போன வாரம் துடைக்கறப்ப கவனிச்சேன். அப்பா தேய்ச்ச சரிவுக்கு ஒரு விரக்கடை தள்ளி, என் ஷூ படற இடத்துல, புதுசா ஒரு மினுக்கம் வர ஆரம்பிச்சிருக்கு.

அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "ரெண்டு காலும் தெரியுது"ன்னு பதில் வந்துச்சு.